ரஸ்க்குக்குக் குரைத்த டப்பா

திருநகர், மதுரை.
ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும்.

அன்புள்ள இம்மானுவேல் அண்ணனுக்கு,

உன் தங்கச்சி ஷெரின் எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். நாலாவது ஆள், நம் நாய் டப்பா, நலத்துக்கும் மேலே! நீ துறவியாகப் பயிற்சி பெறும் நவதுறவு இல்லத்தில் ஒரு வருஷம் போனே தொடக்கூடாது என்பதால்தான் இந்தக் கடிதம். இல்லையென்றால் வீடியோவை அனுப்பிவிட்டு ஒரே வரி எழுதியிருப்பேன்: அண்ணே, நம்ம டப்பா பாஸாயிட்டான்!

நீ கவலைப்படுவாய் என்று அம்மா இதுவரை எதையும் எழுத விடவில்லை. இப்போது சொல்லலாம். நீ பஸ் ஏறிய நாளிலிருந்து டப்பா ஒரு நிலையில் இல்லை. கேட் திறந்தால் பஸ் ஸ்டாப்புக்கு ஓட்டம். நீ ஏறிய இடத்தில் நின்று இறங்குகிற ஒவ்வொருவர் காலையும் மோந்து பார்ப்பான். பசித்தால் திரும்பி வருவான். வந்ததும் அப்பாவின் பிரம்பு தயாராக இருக்கும். போகப்போக அவன் வீட்டுக்கே வராமல் தெருமுனையில் நின்றுகொள்ள ஆரம்பித்தான். அப்பா விசில் ஊத ஊதப் பின்வாங்குவான்.

இன்னொரு தொல்லை, சாயங்கால செபமாலை. நாங்கள் முழங்கால் போட்டதும் குரைக்கத் தொடங்கி, கடைசிவரை விடமாட்டான். பக்கத்து வீட்டு மாயக்கா அத்தை ஒருநாள் மதில் மேல் தலையை நீட்டி, "ஏன் சார், உங்க சாமிக்கு நீங்க கூப்புடுறது கேக்கலைன்னா நாயை விட்டுக் கூப்புடுறீக?" என்று கேட்டுவிட்டார். தெருவே சிரித்தது. பி.டி. மாஸ்டர் சவரியப்பன் வீட்டில் ஒழுங்கு இல்லை என்றால் அப்பாவுக்கு எப்படி இருக்கும்!

அப்பாவிடம் படித்த சிவபாண்டி எழுமலையில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். காவலுக்கு நாய் கேட்டிருந்தார். இந்த மாதம் அன்பியக் கூட்டம் நம் வீட்டில். சுற்றுவட்டாரக் கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம் செபமாலைக்கு வரும். "அன்னைக்கு ஒரு சத்தம் வரட்டும், மறுநாளே எழுமலைக்கு வண்டி ஏத்திருவேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். தோப்பில் பகலெல்லாம் சங்கிலி, அண்ணே. நீ பெயிண்ட் டப்பாவுக்குள்ளிருந்து தூக்கி வந்த குட்டி அவன். நான் விடுவேனா?

யூடியூபில் இறங்கினேன். நாய்ப் பயிற்சி சேனல் ஒன்று விடாமல் சப்ஸ்கிரைப் செய்தேன். காலேஜ் பஸ்ஸில் ஹெட்போன், சாப்பிடும்போது ஹெட்போன். அடிக்காமல், மிரட்டாமல், நல்லது செய்யும்போது பரிசு கொடுத்தே பழக்குகிறார்கள். பார்க்கப் பார்க்கப் புல்லரிக்கும். எல்லாரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: நாய் குரைப்பதற்கு முன்னால் என்ன நடக்கிறது, குரைத்ததும் அதற்கு என்ன கிடைக்கிறது, அதைப் பார். சரி என்று டிவி பக்கத்தில் போனை வைத்து நம் செபமாலையைப் படம் பிடித்தேன்.

போட்டுப் பார்த்தால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. செபமாலை நடுவில் பேசக்கூடாது, எழக்கூடாது என்பது நம் வீட்டுச் சட்டம் இல்லையா? அதனால் அவன் குரைத்ததும் அப்பா சத்தமில்லாமல் சட்டைப்பையிலிருந்து ரஸ்க்கை உடைத்துப் போடுகிறார். தின்னும்வரை அமைதி. தின்றதும் அப்பாவின் பையைப் பார்த்து ஒரு 'வள்'. அடுத்த துண்டு வருகிறது! குரைத்தால் ரஸ்க் என்று தினமும் முழங்காலில் நின்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

அப்பாவிடம் காட்டினேன். "முப்பது வருசமா டிரில் எடுத்தவன்டி நானு. எனக்கே விசில் ஊதுறியா?" என்று எகிறினார். அடுப்படியிலிருந்து அம்மா, "அவ ஊதலைங்க. இம்புட்டு நாளா உங்களுக்கு டிரில் எடுத்தது அந்த நாயி" என்றார். அப்பா சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் முதல் பயிற்சி. உன் பழைய போர்வையை விரித்தேன். அதில் அவன் படுத்து, ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் முடியும்வரை வாயை மூடியிருந்தால் வேகவைத்த ஈரல் ஒரு துண்டு. அப்புறம் இரண்டு மரியேவுக்கு ஒன்று. குரைத்தால் எதுவும் கிடையாது, திட்டும் கிடையாது. ஆரம்பத்தில் முன்னைவிட மோசமாகக் கத்தினான். "பாத்தியா உன் யூடியூப் லட்சணத்த?" என்றார் அப்பா. ரிமோட் வேலை செய்யாவிட்டால் நாமும் விடாமல் அமுக்கிப் பார்ப்போமே, அது மாதிரிதான், பொறுங்கள் என்றேன். பொறுத்தார். நம்ப மாட்டாய், ஒரு சாயங்காலம் செபமாலையின் முதல் பத்து மணிகளை உருட்டி முடித்தோம், சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் போர்வையில் தாடையை வைத்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஓடிப்போவதை நிறுத்துவதுதான் கடினமாக இருந்தது. அவன் திரும்பி வரும்போது தலையைத் தொங்கப்போட்டு, உதட்டை நக்கிக்கொண்டு வருவான். "பாரு, தப்பு பண்ணுனது அவனுக்கே தெரியுது" என்பார் அப்பா. ஒருநாள் அவன் வீட்டில் சும்மா படுத்திருந்தபோது பிரம்பை மட்டும் கையில் எடுக்கச் சொன்னேன். அதே முகம், அதே மாதிரி உதட்டை நக்கினான். "அது தப்பு தெரிஞ்ச முகம் இல்லப்பா, பயந்த முகம். போனதுக்கு அடிக்கிறோம்னு நீங்க நினைக்கிறீங்க. வந்ததுக்கு அடிக்கிறாங்கன்னு அவன் நினைக்கிறான். அதான் வரமாட்டேங்குறான்" என்றேன். அப்பா பிரம்பைச் சுவரோரம் சாய்த்தார். அதற்கப்புறம் அதை அவர் கையில் நான் பார்க்கவில்லை.

நேற்று சனிக்கிழமை, கூட்டம். வீடு நிறைய ஆட்கள், வாசல்வரை பிளாஸ்டிக் சேர். டப்பா போர்வையில். மதிலுக்கு அந்தப்பக்கம் மாயக்கா அத்தை வேடிக்கை பார்க்க வசதியாக ஸ்டூல் போட்டு நின்றார். முதல் பத்து, இரண்டாம் பத்து, மூச்சு இல்லை. மூன்றாம் பத்தில் தாமதமாக வந்த யாரோ கேட்டைத் திறந்தார்கள். அதே நேரம் தெருவில் தோளில் பையோடு ஒரு அண்ணன் போனார். பின்னாலிருந்து பார்த்தால் அச்சு அசல் நீதான். டப்பா பாய்ந்துவிட்டான்.

செபத்தில் வேறு யாரும் எழவில்லை. செபத்தை நடத்திக்கொண்டிருந்த அப்பா எழுந்தார். நம் அப்பா, அண்ணே! செபமாலை கையில் தொங்க, தெருவுக்கு ஓடினார். பின்னாலேயே நான். அந்த ஆள் நீ இல்லை என்று தெரிந்து டப்பா தெருமுனையில் நின்றுகொண்டிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் உதட்டை நக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனான்.

அப்பா விசில் ஊதவில்லை. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியோடு நடுத்தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, அவன் மிரளாதபடி முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். "வாடா தம்பி. ஒண்ணும் பண்ண மாட்டேன், வா" என்றார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. டப்பா யோசித்தான். ஒரு அடி வைத்தான். அப்புறம் ஓடிவந்து அவர் மடியில் தலையை முட்டினான். அப்பா பையிலிருந்து ஈரலை எடுத்தார். ஆமாம் அண்ணே, எனக்குத் தெரியாமல் அவரும் பையில் ஈரல் வைத்திருந்திருக்கிறார்!

திரும்பி வந்து, விட்ட மணியிலிருந்தே செபத்தைத் தொடங்கினார். டப்பா போர்வையில் படுத்துக் கடைசிவரை கண்ணைக்கூடத் திருப்பவில்லை. முடிந்ததும் மதிலுக்கு மேலிருந்து, "சார், உங்க நாயி எங்க வீட்டுப் பய முகேஷை விட அடக்கமா இருக்கு. அவனுக்கும் ஈரல் அவிச்சுப் பாக்கணும்" என்று குரல் வந்தது. அப்பா எல்லார் முன்னாலும் சிவபாண்டிக்குப் போன் போட்டு, "தோப்புக்கு வேற நாயி பாத்துக்கப்பா. இவன் நம்ம வீட்டுப் பிள்ளை" என்றார். நான் விசிலடித்தேன், அன்பியக் கூட்டம் என்பதையே மறந்து.

அண்ணே, உன் போன கடிதம் வந்தது. தூக்கம் வரவில்லை, அங்கேயே இருப்பதா திரும்புவதா என்று மனசு ஒரு முடிவுக்கு வரவில்லை என்று எழுதியிருந்தாயே, அதை அப்பா இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். நீ பஸ் ஏறும்போது, "போனவன் போனவனா இருக்கணும், பாதியில வந்து நிக்கக் கூடாது" என்று அவர் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது.

இதை எழுத உட்கார்ந்தபோது அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "டப்பா திரும்பி வந்தப்ப நான் அடிக்கலைன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன் அப்பா, வேறு ஏதாவது எழுதவா என்று கேட்டேன். "வேணாம். அவனுக்குப் புரியும்" என்று சொல்லிவிட்டு டப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடக்கப் போய்விட்டார்.

நீ அங்கே இருந்தாலும் எங்களுக்குப் பெருமைதான். உடம்பைப் பார்த்துக்கொள், நன்றாகத் தூங்கு. மாதா உன் கூடவே இருக்கட்டும். கேட்டை இப்போது நாங்கள் பூட்டுவதில்லை.

என்றும் உன் அன்புத் தங்கச்சி,
ஷெரின்