காற்றுப் பாய்க்கு நடந்த சோதனை

சேசு மரி சூசை துணை

விருத்தாசலம்
14.9.2008

அன்பு மகள் லிசாவுக்கு உன் சித்தப்பா வளன் எழுதுவது. இங்கே மாதா புண்ணியத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் தெம்போடு சௌக்கியமாக இருக்கிறோம், அதே தெம்போடு நீயும் மாப்பிள்ளை பாண்டியனும் உன் வயிற்றில் இருக்கும் மகாராசாவோ மகாராணியோ அதுவும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். நியாயமாக இந்தக் கடிதத்தை உன் அப்பா எழுத வேண்டும். நீ கோயிலில் மந்திரிக்காமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்த நாளிலிருந்து அமிர்தசாமி சக்கரவர்த்தி உன்னோடு பேசுவதில்லை என்று பிரகடனம் செய்துவிட்டதால், அப்பா பதவியைத் தற்காலிகமாக நான் பார்த்துவருகிறேன்.

அவர் முதுகு வலிக்காக நீ அனுப்பிய காற்றுப் பாய் வந்து சேர்ந்தது. திட்டக்குடிக்கு லீவில் வந்த உன் தோழி கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணி பாட்டில் அளவுக்கு ஒரு பை, இதுக்குள்ள பாயா கைக்குட்டையா தம்பி என்று உன் அம்மா கேட்டார். நான் வாய் வைத்து ஊதினேன், விருத்தாசலத்துக் காற்று முழுவதும் அதற்குள் போய்விட்டது, மணிமுத்தாற்றங்கரையில் அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை. ஆரஞ்சு நிறத்தில் முதலை முதுகு மாதிரி மேடும் பள்ளமுமாக எழும்பிக் கூடத்தையே அடைத்துக்கொண்டது. புரண்டு படுத்தால் ஒரு பட்டாளமே முறுக்குக் கடிக்கிற சத்தம். நீயும் மாப்பிள்ளையும் லீவில் மலை ஏறப் போனால் கரடிகளுக்கு நடுவே இதைப் போட்டுத்தான் படுக்கிறீர்கள் என்று நான் சொன்னதும், அவங்க வூட்டுல கட்டிலு இல்லியா தம்பி என்று உன் அம்மா கண் கலங்கிவிட்டார்.

உன் அப்பாவோ வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போக இருந்தார், பாய்க்கு இதைவிட நல்ல நேரம் வருமா? ஆனால், தரையில படுத்துத்தான் வரேன்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன், எவ அனுப்புன பாயும் எனக்கு வேணாம் என்று சொல்லிவிட்டார். எதற்கு வேண்டுதல் என்று பங்குச் சாமியார் கேட்டதற்கு, முழங்கால் வலி தீரணும் சாமி என்றாராம். முழங்கால் வலி தீர வேளாங்கண்ணிவரை நடக்கிற வைத்தியத்தை உலகத்தில் உன் அப்பாவைத் தவிர வேறு எவரும் கண்டுபிடிக்கவில்லை. அந்த முழங்காலுக்குக் காணிக்கையாகத் தன் கையால் அவர் செய்தது என்ன தெரியுமா? பீங்கான் தொட்டில். இரண்டு கைக்குள் அடங்குகிற தொட்டில், நான்கு காலும் உள்ளே குட்டித் தலையணையும் வைத்து. முழங்காலுக்கு எதற்குத் தொட்டில் என்று கேட்கும் தைரியம் நம் தெருவில் யாருக்கும் இல்லை.

கிளம்புகிற அன்று காலைதான் தங்கதுரை பட்டறையில் தொட்டில் வெந்த சூளையைப் பிரித்தார்கள். நடைப்பயணக் கூட்டம் அதற்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டது. உன் அப்பா ஆறியும் ஆறாத தொட்டிலைச் சாக்கில் பிடித்துத் தூக்கிக்கொண்டு, பொதிய வைக்கோல் தேடினார், கிடைக்கவில்லை. கூட நடக்கக் கிளம்பியிருந்த நான் சும்மா இருப்பேனா, என் பையில் ஒளித்து வைத்திருந்த பாயை நீட்டி, தொட்டிலுக்குத்தான அண்ணே, உனக்கா குடுக்கிறேன் என்றேன். முறைத்துக்கொண்டே வாங்கிப் பாதி ஊதிச் சுற்றினார். வாழ்நாள் முழுக்கச் சூளை வாயில் நின்ற கை, அதற்குச் சூடு தெரியாது. வைக்கோல் என்றால் அந்தச் சூட்டைத் தாங்கும், அந்த நினைப்பிலேயே சுற்றிவிட்டார். ஊர் எல்லை தாண்டவில்லை, ஒரு கருகல் வாசனை, அப்புறம் புஸ்ஸென்று கனடாவே பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம். தொட்டிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாயில் நான்கு காலுக்கும் நான்கு தழும்பு, ஒன்றில் ஓட்டை.

தூக்கி எறிவார் என்றுதான் நினைத்தேன். புள்ள ஆசையா அனுப்புனத பொசுக்கிட்டேனேடா வளனு என்று நடுரோட்டில் நின்றுவிட்டார். அதுவரை ‘எவ’ளோவாக இருந்த நீ மறுபடியும் ‘புள்ள’ ஆன அந்த இடத்தில் அரசாங்கம் ஒரு கல்வெட்டு வைக்க வேண்டும். தொட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு, பாயைத் தோளில் பச்சைப்பிள்ளை போலப் போட்டுக்கொண்டு சேத்தியாத்தோப்புவரை நடந்தார். அங்கே பஞ்சர் கடை நல்லமுத்து, என்னாங்க பெரியவரே, ஏரோப்ளேன் டியூப்பா என்று கேட்டதற்கு, எம்பொண்ணு கனடாவுலேர்ந்து அனுப்புனதுங்க, பாத்து ஒட்டுங்க என்று கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். லாரி டியூப் துண்டைக் கருப்பாக ஒட்டிவிட்டு, படுத்துப் பாத்தாத்தான் நிக்குமா நிக்காதான்னு தெரியும் என்றார் நல்லமுத்து. சாயங்காலம் தங்கிய பள்ளிக்கூடத்தில் உன் அப்பாவே ஊதினார், என்னைக் கிட்டே விடவில்லை. ஊதிவிட்டுப் படுத்தார். தரையில படுக்குற வேண்டுதலு என்னாச்சு அண்ணே என்றேன். நான் எங்கடா படுத்தேன், காத்து நிக்குதான்னு சோதிக்கிறேன் என்றார். சோதித்துக்கொண்டே குறட்டை விட்டார். சிதம்பரத்தில் மறுபடியும் சோதனை. சீர்காழியில் சோதனை. ராக்கெட் விடுகிறவர்கள்கூட இவ்வளவு சோதித்திருக்க மாட்டார்கள். மாதா பாதத்தில் தொட்டிலை வைத்துவிட்டு வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, அங்க இந்நேரம் மணி என்னாடா இருக்கும்?

பிள்ளை பிறக்கும்வரை மலை ஏறாதே, கரடிகள் காத்திருக்கட்டும். வெறும் ரொட்டியைத் தின்று நாளை ஓட்டாதே, ரசம் வைத்துச் சாப்பிடு, வைக்கத் தெரியாவிட்டால் மாப்பிள்ளையை வைக்கச் சொல். முக்கியமான விஷயம், இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிறு, இங்கே காலைப் பூசை முடிகிற நேரம் பார்த்துப் போன் செய். அந்த நேரம் உன் அம்மா கோழிக்குத் தீனி வைக்கப் போய்விடுவார், ஏற்பாடு செய்தாகிவிட்டது. போனை உன் அப்பாதான் எடுப்பார். எடுத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை என்றால் வைத்துவிடாதே. லைன் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நீ பாட்டுக்குப் பேசு. மாதா உன்னையும் உன் வயிற்றையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
பதவியை உரியவரிடம் ஒப்படைக்கக் காத்திருக்கும் தற்காலிக அப்பா,
வளன் சித்தப்பா