நிறுத்தாமல் ஒரு பக்கம்

கூடப் பிறக்காமலே எனக்குத் தங்கச்சியான மரகதம்,

பரீட்சை முடிவு வந்துவிட்டது. நான் தேறிவிட்டேன். உன்னிடம்தான் முதலில் ஓடி வந்து சொல்லியிருப்பேன். இப்போது எங்கே ஓடுவது?

கேரளம் தனி மாநிலமான கையோடு அந்த உத்தரவு வந்ததே, தமிழ் வாத்தியார்களும் மலையாளத்தில் தேறினால்தான் வேலை நிலைக்கும் என்று. கேரளத்தோடு சேர்ந்துவிட்ட நம் மீனாட்சிபுரத்துப் பள்ளிக்கூட வாத்தியார்களில் பெண்கள் என்று நீயும் நானும்தான் இருந்தோம். என் வீட்டுக்காரர் போன பிறகு என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. நாற்பதை நெருங்கும் வயதில் புது எழுத்து தலையில் ஏறுமா என்று, மலையாளம் முன்பே தெரிந்த உன் முன்னால் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனி நன்றாகப் படிக்கிறேன் என்று சத்தியமும் செய்தேன்.

நீ அந்தச் சத்தியத்தைச் சட்டையே செய்யவில்லை.

"நல்லாப் படிக்கறேன்னா அதுக்கு ஒரு அளவு வேணுமுங்கக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பக்கம் நிறுத்தாம வாசிச்சுக் காட்டுங்க, போதும்" என்றாய்.

முதல் வெள்ளிக்கிழமை வரிக்கு வரி தடுமாறினேன். நீ சிரிக்கவில்லை. நான் நின்ற இடங்களை எண்ணி, அடுத்த வாரம் அதில் பாதியாகக் குறைந்தால் போதும் என்றாய். பிள்ளைகள்மேல் எரிந்து விழும் என் குணத்துக்கும் ஓர் அளவு வைத்தாய். திங்கட்கிழமை காலையில் மட்டும் யாரையும் திட்டக் கூடாது. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள் நீ. அவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது உனக்கு?

அப்புறம் உனக்கு டைபாய்டு. பார்க்க வந்த என்னிடம் உடம்பைப் பற்றிப் பேசாமல் வாசிக்கச் சொன்னாய். கட்டிலருகே உட்கார்ந்து வாசித்தேன். கண் மூடியிருந்ததால் தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன்.

"மூணு இடந்தானுங்கக்கா. போன வாரம் ஏழு. தேறிருவீங்க."

அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

நீ போனபின் புத்தகத்தைத் தொடவே மனம் வரவில்லை. பரீட்சையே வேண்டாம் என்று இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் அம்மா என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"அவ இருந்தா உன்னய உட்டிருப்பாளா அம்மணி? வாசி, நாங் கேக்கறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நீ நிக்கற எடம் தெரியுமில்ல."

வாரம் தவறாமல் வந்தார். பெற்ற மகளைப் பறிகொடுத்தவர், எனக்காக வந்து உட்கார்ந்தார். நான் எப்படிப் படிக்காமல் இருப்பேன்?

நேற்று முடிவைச் சொல்லப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு மெதுவாக, உன் பேரை எழுதக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். தன் பேரை இல்லை, மரகதம். உன் பேரை.

ஐந்து எழுத்துதானே. இன்று 'ம' வந்துவிட்டது, 'ர' இன்னும் சாய்கிறது. தைப்பொங்கலுக்குள் யார் துணையும் இல்லாமல் முழுதாக எழுதிவிடுவார். அது என் பொறுப்பு.

உன் அக்கா,
தெய்வானை