சிவப்புக் காருக்கு இரண்டு உறைகள்

பிக்கரிங்
3 மார்ச் 2024

அன்புள்ள சுலா,

நான் நலம். நீரும் நலமாக இருப்பீர் என்று நினைக்கிறேன். போனில் பேசினால் பத்தாவது நிமிடம் சண்டை என்று நீர் சொன்னது சரிதான். அதனால் எழுதுகிறேன்.

எம்ஜி காருக்குப் பெயின்ற் வேலை தை மாதத்தோடு முடிந்தது. அதே சிவப்பு. இனி உள்வேலைதான். கடையில் வாங்கிய சீற் உறை இரண்டும் சரிவரவில்லை, முதுகுப் பக்கம் அரிசிச் சாக்கு மாதிரித் தொங்குகிறது. விமானச் சீற்றுகளுக்கு உறை தைக்கிற உம்மைவிட எனக்கு வேறு யாரைத் தெரியும்? தைத்துத் தருவீரா?

ஒரு மடத்தனமும் செய்தேன். மாசி பத்து காலையில் நல்ல நேரம் என்று ஐயர் சொன்னார். வெறும் தகரத்துக்குள் எதைத் தொடங்குவது என்று தெரியாமல், சாரதி சீற்றைத் தூக்கி வைத்துப் பூட்டிச் சாம்பிராணியும் காட்டினேன். சத்தம் தடுக்கும் விரிப்பு, வயர், கார்பெற் எல்லாம் போட்ட பிறகு கடைசியாகத்தான் சீற் என்பது பிறகுதான் உறைத்தது. அடுத்த நாளே கழற்றினேன். நீர் இருந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பீர். நானும் கேட்டிருக்கமாட்டேன்.

திரும்பி வருவீரா என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. கேட்க விருப்பம்தான்.

அன்புடன்,
பிரியந்தன்


மிசிசாகா
12 மார்ச் 2024

பிரியந்தனுக்கு,

கடிதம் கிடைத்தது. சாம்பிராணிக் கதையை என்னோடு வேலை செய்யும் யூஜினி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "வெறும் தகரத்துக்கோ காட்டினவர்?" என்று கேட்டுச் சிரித்தா. நானும் சிரித்தேன்.

தைத்துத் தருகிறேன். கடை உறைகளை அல்ல, பழைய உறைகளை வெட்டாமல் கழற்றி அனுப்புங்கள். அவற்றைப் பிரித்து அளவாக வைத்துத்தான் புதியதை வெட்ட வேண்டும். கார்பெற்றை ஒட்டுவதற்கு முன்னர் சீற் போல்ற் துளைகளுக்கு அடையாளம் வையுங்கள். அவசரப்படுவீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்காமல் கேட்டதற்குப் பதில்: என் வக்கீல் அனுப்பிய விவாகரத்துப் பத்திரம் இரண்டு வருடமாக மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. கையெழுத்து வைக்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது. ஆனால் ஸ்காபரோவில் கார் நிற்பாட்டுகிற அந்தக் கடை வளவு மட்டும் மறக்கவில்லை. ஐப்பசி மழை. எனக்குக் கார் பழக்கத் தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகவில்லை. தள்ளுவண்டி நிறுத்தும் கம்பியில் நான் இடித்ததும், "இறங்கும். பஸ்ஸிலை வீட்டை வாரும்" என்று கத்தி இறக்கிவிட்டுப் போனீர்கள். பம்பரில் ஒரு கீறல். அந்தக் கீறலைத் திருத்தப் போய்த்தான் முழுக் காரையும் பிரித்துப் போட்டீர்கள். நனைந்து வந்தவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

சுலக்சனா


பிக்கரிங்
30 மார்ச் 2024

அன்புள்ள சுலா,

பழைய உறைகள் இத்துடன் வருகின்றன. வெட்டவில்லை.

நீர் பயந்தது நடந்துவிட்டது. உமது கடிதம் வந்தது வெள்ளிக்கிழமை, நான் கார்பெற்றை ஒட்டியது வியாழன். துளைகள் எங்கே என்று தெரியவில்லை. ட்ரில் போட்டுப் பார்த்தேன். நூல் சுற்றிக்கொண்டு ஒரு முழத்துக்கு உரிந்துவிட்டது. என்ன செய்யலாம்?

வைகாசியில் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க யோசித்திருக்கிறேன். அன்று பக்கத்துச் சீற்றில் நீர் இருந்தால் நல்லது. இரண்டாவது உறை உமக்குத்தான்.

கடை வளவு விஷயம் வாசித்தேன். பதிலை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

அன்புடன்,
பிரியந்தன்


மிசிசாகா
21 ஏப்ரல் 2024

பிரியந்தனுக்கு,

உறைகள் இரண்டும் இந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. பூட்டும்போது ஹெயர் ட்ரையரால் சூடு காட்டுங்கள், இளகி உட்காரும். கார்பெற்றுக்கு ட்ரில் வேண்டாம். சாக்கு ஊசியால் குத்திக் குத்தித் துளையைத் தேடுங்கள். பிறகு சூடாக்கிய கம்பியால் சுட்டுத் துளையுங்கள். நைலோன் உருகி ஓரத்தை அதுவே கட்டிக்கொள்ளும்.

பழைய உறைகளைப் பிரித்தபோது ஒன்றைக் கண்டேன். உங்களுடைய சீற் நடுவில் தேய்ந்திருக்கிறது. என்னுடையதில் நடுப்பகுதி புதிது மாதிரி. கதவுப் பக்கத்து ஓரம் மட்டும் நூல் நூலாகப் போயிருக்கிறது, நாலு விரல் அகலத்துக்கு. ஒவ்வொரு வளைவிலும் நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். எனக்கே ஞாபகம் இல்லை. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மெஷினுக்கு முன்னால் அழுதேன். அதை உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்று. போன புரட்டாதியில் எனக்கு லைசென்ஸ் கிடைத்தது. யூஜினி அக்காதான் பழக்கினா, கையால் கியர் மாற்றுகிற அவவின் பழைய காரில். இரண்டு தரம் மதிலில் இடித்தேன். "பரவாயில்லை, திரும்ப எடும்" என்றா.

ஆகவே அந்தப் பக்கத்துச் சீற்றில் இனி நான் ஏறமாட்டேன், கோயிலுக்கென்றாலும். உறையை நன்றாகத்தான் தைத்திருக்கிறேன். யாரையாவது இருத்துங்கள்.

சுலக்சனா


பிக்கரிங்
12 மே 2024

அன்புள்ள சுலா,

வேலை முடிந்தது. கம்பியால் சுட்டேன், சரிவந்தது. உறையில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

உமது கடிதத்துக்குப் பிறகு இரண்டு கிழமை கராஜுக்குள் போகவில்லை. பிறகு அலுமாரியைத் திறந்து, நீர் விட்டுப்போன நீலக் காற்சட்டையை எடுத்துச் சாரதி சீற்றில் விரித்து வைத்து அளந்தேன். சீற்றை எவ்வளவு முன்னால் இழுத்தாலும் உமது கால் கிளச்சுக்கு எட்டாது. நாலு அங்குலம் குறைகிறது. அந்தக் காரைப் பன்னிரண்டு வருடமாக வைத்திருக்கிறேன். இதை ஒருநாளும் பார்க்கவில்லை. எட்டாத காலோடு உம்மை ஓட்டச் சொல்லிவிட்டுத்தான் கத்தியிருக்கிறேன்.

கார்பெற்றை உரித்து, தகரத்தில் நாலு அங்குலம் முன்னால் புதிய துளை போட்டேன். பழைய துளைகளை வெல்ட் பண்ணி அடைத்தாயிற்று. புதிய கார்பெற் ஒட்டிச் சீற்றைப் பூட்டினேன். இப்போது அதில் நான் இருந்தால் முழங்கால் ஸ்ரியரிங்கில் முட்டுகிறது. என்னால் ஓட்ட முடியாது. பக்கத்துச் சீற் எனக்கு அளவாக இருக்கிறது.

அன்று மழையில் உம்மை இறக்கிவிட்டது பிழை. கோபத்தில் என்று சொல்லமாட்டேன், பிழைதான். கீறலைப் பார்த்தேன், உம்மைப் பார்க்கவில்லை. மன்னியும்.

வருகிற ஞாயிறு பத்து மணிக்குப் பூசைக்குச் சொல்லியிருக்கிறேன். நீர் வராவிட்டால் கார் கராஜிலேயே நிற்கட்டும். ஐயருக்கு நான் சொல்லிக்கொள்வேன்.

பிரியந்தன்


மிசிசாகா
15 மே 2024

அன்புள்ள பிரியனுக்கு,

பத்திரத்தில் கையெழுத்து வைக்கவில்லை, கிழிக்கவும் இல்லை. முதலில் கார் ஓடட்டும்.

ஞாயிறு காலை ரயிலில் வந்து இறங்குவேன். ஸ்ரேஷனுக்கு வரவேண்டாம், வீட்டுக்கு வழி தெரியும். எலுமிச்சம்பழம் நாலு வாங்கி வையுங்கள். கோயிலுக்கு நான் ஓட்டுகிறேன்.

பஸ் கார்ட்டை மறக்காமல் பொக்கற்றில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் கத்தினால் இறக்கிவிடுவேன்.

சுலா