லிஷாவின் தொட்டிலில் விழுந்த நரிச்சீர்

பொழியூர்,
14.3.1996

அன்பு மகள் டெல்னாவுக்கு அம்மா பெர்த்தா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் எழுந்து நடமாடுகிறோம், மஸ்கட்டில் நீயும் உன் வீட்டுக்காரரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க மாதாவை வேண்டுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் பிள்ளை லிஷா நன்றாக இருக்கிறாள், இப்போதுகூட என் பேனாவைப் பிடுங்கப் பார்க்கிறாள். அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

போன வாரம் புதன்கிழமை சாயங்காலம் முன்னறைத் தொட்டிலில் தூங்கினாள். பூனை ஏறாமலிருக்க அப்பா பழைய சாளை மீன் வலையைத்தான் மேலே மூடியிருந்தார். ஜெபமாலை முடிந்து போய்ப் பார்த்தால், வலையின் உள்பக்கம், பிள்ளையின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், ஒரு வவ்வால் பின்னிக்கொண்டு துடிக்கிறது. அப்பாவைக் கூப்பிட்டு அலறினேன். அப்பா "பயப்படாத, நரிச்சீராக்கும்" என்று சொல்லி, மீனை எடுப்பதுபோல வெறுங்கையால் பிடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பாவம் என்று வாசலில் பறக்க விட்டார். மரத்தில் தொங்கும் பெரிய வாவல் இல்லை, ஓட்டிடுக்கில் இருக்கும் எலிக்குஞ்சு அளவுள்ளது, கொசு தின்னும், என்ன செய்துவிடப் போகிறது என்றார். நானும் சரியென்று கஞ்சி விளம்பினேன்.

மறுநாள் குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால் ஊசி குத்தியதுபோல இரண்டு புள்ளி. எறும்பு என்று நினைத்தேன். சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கும் பக்கத்து வீட்டுப் புஷ்பபாயிடம் காட்டி, வலையில் வவ்வால் சிக்கியதையும் சொன்னேன். "அக்கா, அத பிடிச்சு வச்சிருக்கியளா" என்று கேட்டாள். பறக்க விட்டோம் என்றதும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பெரிதோ சிறிதோ, நாய்க்கு வரும் வெறிநோய் அதற்கும் இருந்தால் எச்சிலில் இருக்கும், கடித்த தடம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது, இங்கே வவ்வாலால் யாருக்கும் வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை, ஆனால் வந்துவிட்டால் பிழைக்க வழியில்லை என்றாள். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவவைத்து, அவளே பாறசாலையில் பஸ் ஏற்றி திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடித்த இடத்தில் ஒரு மருந்து, கையில் ஊசி. நூலைக் கடித்த வாய்க்காக அப்பாவுக்கும் ஊசி, டாக்டரிடம் வயிறு நிறையத் திட்டும். இன்றோடு இரண்டு பேருக்கும் மூன்று முடிந்தது, இன்னும் இரண்டு. நேரத்துக்கு வந்தீர்கள், பயமில்லை என்கிறார் டாக்டர். நீயும் நர்ஸ்தானே, சேலை வந்ததா என்று கேட்டு எழுதுகிறவள் வவ்வாலில் இப்படி ஆபத்து உண்டென்றும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

உன் குவார்ட்டர்ஸிலும் கவனம். வவ்வால் கீழே கிடந்தால் கை படாமல் டப்பாவைக் கவிழ்த்து அடியில் அட்டையைத் தள்ள வேண்டும், யாராவது தூங்கிய அறையென்றால் பறக்க விடாமல் அப்படியே டாக்டரிடம் காட்டிக் கேட்க வேண்டும்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். அன்று ஜெபமாலை நடுவில் லிஷா அம்மா என்று வீறிட்டாள். தினமும் உன்னைத் தேடி அழுவாள், தானே அடங்குவாள், அப்படித்தான் என்று நினைத்து நான் முழங்காலை விட்டு எழும்பவில்லை. இன்னும் இருபது மணி உருட்டி முடித்த பிறகுதான் போனேன். பறக்க விட்டவர் என்று ஊரே அப்பாவைக் குறை சொல்கிறது, அவரும் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறார், நான் பக்கத்தில் வாய் திறக்காமல் நிற்கிறேன்.

மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். பதிலில் அப்பாவுக்கு ஆறுதலாக நாலு வரி எழுது. என்னைத் திட்டுவதைத் தனித்தாளில் எழுது, மக்கா.

உன் அம்மா,
பெர்த்தா ததேயூஸ்