உன் மாமிக்குக் கட்டிய பல்

கல்முனைக்குடி
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுத பின்

அன்பு மகன் முஸ்தாக்,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தங்கை றுஸ்னாவும் அவள் பிள்ளைகளும் சுகம். டோஹா வெயிலில் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். உன் குரலைக் கிழமைக்கு இரண்டு தரம் கேட்கிறேன், உன் கையெழுத்தைக் கண்டு ஒன்பது வருடம். முதலில் ஒரு பிழையைத் திருத்திவிட்டு மற்றச் செய்திகளுக்கு வருகிறேன். உன் மகள் ஆயிஷா குர்ஆன் ஓதி முடித்ததற்கு மருதமுனையில் உன் மனைவி பஸ்மினாவின் வீட்டில் போன வியாழக்கிழமை வைத்த விருந்தில், நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தது சீனி கூடித் தலை சுற்றியதால் என்று பஸ்மினா உனக்குச் சொன்னாளாம். றுஸ்னா வாய்வு என்று சொன்னாளாம். இரண்டும் நல்ல எண்ணத்தில் சொன்ன பொய், ஆனாலும் பொய். மறுநாள் காலையில் சோதித்தேன், என் சீனி நூற்றுப் பன்னிரண்டு. நான் எழுந்தது என் சொந்த விருப்பத்தில். ஏன் என்று நானே எழுதுகிறேன். இதைப் போன் கோலில் சொல்ல முடியாது, முன்பல் இரண்டும் போன நாளிலிருந்து நான் சொல்வதில் பாதி காற்றாகப் போகிறது, நீ மூன்று தரம் என்ன உம்மா, என்ன உம்மா என்கிறாய். வாயைத் திறந்து எழுத்தெழுத்தாக வாசி என்று கன்னியர் பள்ளியில் சிஸ்டர்மார் பிரம்போடு நின்று பழக்கிய வாய் இது. எதிர்வீட்டு இன்ஸாப் வெள்ளிக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். உறை நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

உன் மாமி, என் சம்பந்தி ஸுல்பிகாவுக்கும் எனக்கும் ஒரே வருடத்தில்தான் முன்பல் போனது. கல்யாண வீடுகளில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, முக்காட்டு நுனியை வாயில் பிடித்துக்கொண்டே இருவரும் சிரிப்போம். அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று வியாழக்கிழமைதான் தெரிந்தது. அன்று அவள் முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, வாசலிலேயே நின்று எல்லாப் பல்லும் தெரியச் சிரித்து வரவேற்றாள். வந்தவர்களுக்கெல்லாம் அதே கதை. "மருமகன் கட்டித் தந்த பல்லு கா. கட்டார்ல இருந்து அவரே டொக்டருக்கிட்டக் கதச்சி நாள் எடுத்துத் தந்தாரு. வகுத்துல பொறந்த மகன் கூட இப்பிடிச் செய்யமாட்டான்." நான் நிற்பது தெரிந்தும் சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா, அல்லாஹ்வுக்கே வெளிச்சம். ஒருத்தி கச்சான் கொட்டை கடிப்பீங்களா மச்சி என்று கேட்க, கச்சான் என்ன, கச்சான்ட கோதையும் கடிப்பன் என்றாள், வீடே சிரித்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் வாயைக் கூர்ந்து பார்த்தேன். கட்டியவை மற்றப் பற்களைவிடக் கொஞ்சம் கூடுதல் வெள்ளை. அதைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. அதோடு நிற்கவுமில்லை, கச்சான் அல்வாத் தட்டு வந்தபோது அதைத் திருப்பி, ஆகக் கெட்டியான துண்டு அவள் பக்கம் வரும்படி வைத்தேன். எடுத்தாள், கடித்தாள். உடைந்தது அல்வாதான்.

சாப்பாட்டுக்குச் சம்பந்திமார் இருவரையும் ஒரே சஹனில் எதிரெதிராக இருத்தினார்கள், அது முறை. ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டில் நடுவே இறைச்சி, நான் என் பக்கத்துச் சோற்றையும் பருப்பையும் மட்டும் பிசைந்துகொண்டிருந்தேன். அதை அவள் கண்டுவிட்டாள். வீட்டுக்காரி நல்ல இறைச்சியை விருந்தாளி பக்கம் தள்ளுவது நம் வழக்கம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் இறைச்சியை எடுத்து, பால் மறந்த பிள்ளைக்குப் பிய்ப்பதுபோல நார் நாராகப் பிய்த்து, என் சோற்றின் மேல் வைத்து, மெல்லத் தின்னுங்க மச்சி, எலும்பு இரிக்கும் என்றாள். மற்ற நான்கு பேரும் பார்த்தார்கள். ஒருத்தி உச்சுக்கொட்டினாள். அதில் கள்ளம் இருந்திருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும், அது வெறும் இரக்கம். நான் எழுந்துவிட்டேன். சஹனில் ஒருவர் எழுந்தால் மற்றவர்களும் கையை இழுத்துக்கொள்வார்கள் என்று உனக்குத் தெரியும், ஐந்து பெண்கள் அரை வயிற்றோடு எழுந்தார்கள். ஊராரின் மரியாதைக் குறைவையெல்லாம் திருத்தித் திரிந்தவள் செய்த வேலை இது. 

இனி உன்னைப் பற்றி. ரஜப் மாதம் நீ கோல் எடுத்து, உம்மா, உங்களுக்குப் பல்லுக் கட்டுவமா என்று கேட்டாய். எனக்கெதுக்கு மகன், மௌத்தாகப் போற வயசுல என்றேன். சரி உம்மா என்று சொல்லிவிட்டு இங்கே மழை எப்படி என்று கேட்டாய். மகன், உன் வாப்பா எனக்கு ஒரு சாரி எடுப்பதென்றாலும் மூன்று தரம் கேட்பார். முதல் தரம் நான் வேண்டாம் என்பேன், அது மரியாதைக்கு. இரண்டாம் தரம் பிள்ளைகளுக்கு எடுங்கள் என்பேன், அது வீட்டுக்காக. மூன்றாம் தரம் உங்கள் விருப்பம் என்பேன், அவர் சாரியோடுதான் வருவார். நம் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நீ ஒரு தரம் கேட்டு நிறுத்திக்கொண்டாய். உன் மாமியோ நீ கேட்டு முடிக்குமுன்னமே, ஓம் மகன், எப்ப போற என்றாளாம். மகன்மார் கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போவது நம் வழக்கம், உன்னை அனுப்பிய அன்று நான் கண் கலங்கவில்லை. லீவில் வந்தால் உன் பெட்டி அங்கேதான் இறங்குகிறது, பெருநாள் சோறு அங்கே, பிள்ளைகளின் சத்தம் அங்கே. அதெல்லாம் அவளுக்கு உரியது என்று விட்டுக்கொடுத்திருந்தேன். அவள் சிரித்ததைக் கண்டபோது, கொடுத்தது போதாதா என்று மனம் கேட்டது. பொறாமைதான் மகன். இந்த ஒரு சொல்லுக்காக இரண்டு தாள் கிழித்தேன்.

நேற்றுக் காலையில் பென்ஷன் அலுவல் என்று றுஸ்னாவிடம் சொல்லிவிட்டு உன் மாமிக்குப் பல் கட்டிய அதே டொக்டரிடம் போனேன். சுஜித்தா என்று பெயர், காரைதீவுப் பிள்ளை, கை சுத்தம், பேச்சும் சுத்தம். ஸுல்பிகாவுக்கு எப்படிக் கட்டினீர்கள் என்று கேட்டேன், மற்ற ஆக்கள்ட வாயைப் பற்றி நான் கதைக்கிறதில்லை அம்மா என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்துக்கொண்டது. என் வாயைப் பார்த்துவிட்டு, இடைவெளிக்கு இரண்டு பக்கமும் உள்ள பற்கள் முத்துப் போல இருக்கின்றன என்றாள். பிரிட்ஜ் போடுவதென்றால் அந்த இரண்டு நல்ல பற்களையும் சுற்றிவரச் சீவி, அவற்றின் மேல்தான் நான்கு பற்களையும் ஒன்றாக மாட்டி ஒட்ட வேண்டுமாம். "சீவின பல்லு திரும்ப வராது அம்மா. வடிவா யோசிச்சுச் சொல்லுங்க." கழற்றிப் பூட்டும் பல்லும் இருக்கிறது என்றாள். படுக்கும்போது பல்லைக் கிளாஸில் போட்டுவிட்டுப் படுக்க என்னால் முடியாது என்றேன். பல் விழுந்து இரண்டு வருடம் என்கிறீர்கள், இப்போது என்ன அவசரம் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். சாப்பிட என்றேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு பொய் சொன்னேன். அச்செடுக்க இருபதாம் தேதி நாள் தந்திருக்கிறாள், நான் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. செலவுக்கு என்னிடம் இருக்கிறது, அதைப் பற்றி நீ எழுத வேண்டாம்.

அறுபது வருடத்துக்கு மேல் என்னோடு இருந்த இரண்டு நல்ல பற்களைச் சீவக் கொடுப்பதென்றால் எனக்கு ஒரு காரணம் வேண்டும். ஸுல்பிகா கட்டிவிட்டாள் என்பது காரணமாகாது, அதற்காகக் கட்டினால் ஒவ்வொரு தரம் வாயைத் திறக்கும்போதும் அவள்தான் ஞாபகத்தில் வருவாள். நான் மறைக்காமல் சிரிப்பதைக் காண என் மகன் ஆசைப்பட்டான் என்றால், அது காரணம். நாளைக்கு மருதமுனைக்குப் போய் உன் மாமியிடம் மன்னிப்புக் கேட்பேன், உன் பதில் எதுவானாலும் அது என் கடமை. அல்வா விஷயத்தைச் சொல்வதாக இல்லை, நீயும் சொல்லாதே.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான வருமானத்தையும் றிஸ்கையும் தரட்டும், உன் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்கட்டும். ஸுபஹுத் தொழுகையைத் தவறவிடாதே. தேநீருக்குச் சீனியைக் குறை, படுக்கும் முன் பல் துலக்கு, நாற்பது வயதில் அலட்சியமாக இருந்தால் என் வயதில் என்னைப்போல் எழுதுவாய்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். ரஜப் மாதம் நீ கேட்டது உன் ஆசையிலா, பெற்றவளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவைக்க வேண்டும் என்ற முறைக்கா? கோல் எடுக்காதே, பஸ்மினாவிடம் சொல்லியனுப்பாதே. தாளில் எழுதி, அதைப் படம் பிடித்து றுஸ்னாவின் போனுக்கு அனுப்பினாலும் சரி, அவள் வாசித்தாலும் பரவாயில்லை. எழுத்து உன் கையெழுத்தாக இருக்க வேண்டும். இருபதாம் தேதிக்கு முன் பதில் எழுது.

உன் உம்மா,
உம்மு ஹபீபா