சரிகைச் சேலையில் கொழுந்து எடுப்பவள்

மஸ்கெலியா,
12.05.2024

அன்புள்ள உங்களுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். நீங்கள் படம் வரைகிற வேலைக்கென்று கொழும்புக்குப் போய் இரண்டு வருஷமாகிவிட்டது. எனக்கு அதே தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம், அதே நாலாம் ஆண்டு வகுப்பு. ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று இன்னும் கை பழகவில்லை.

ஓர் உதவி வேண்டும். படத்தில் இருப்பவர்களின் உடுப்பைப் பார்த்து, அது எந்தக் காலம், யாருக்காக வரைந்தது என்று கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கண்டி ராஜா காலத்துச் சுவரோவியமும் வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைப் பெட்டிப் படமும் பார்த்தாயிற்று. நம் ஆட்களை நம் ஆளே வரைந்த படம் ஒன்று வேண்டும். உங்களுடையதில் ஒன்று அனுப்புவீர்களா?

ஜீவராணி


கொழும்பு,
25.05.2024

அன்பு ஜீவா,

ஹோட்டல் சுவருக்கு வரைந்ததில் ஒன்றை, கொழுந்து எடுக்கிற பெண்ணின் படத்தை, பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறேன். ஆள் யாரென்று பார்த்ததுமே உனக்குத் தெரியும். அந்த முகத்தை வரைய எனக்கு எதிரில் யாரும் உட்கார வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று கட்டாயம் எழுது. வேலை முடிந்து அறைக்கு வந்தால் பேச ஒருத்தர் இல்லை.

உன் கோகுல்


மஸ்கெலியா,
09.06.2024

அன்புள்ள உங்களுக்கு,

படத்தை விரித்ததும் கேஷிகா, "ஐயோ டீச்சர், இது நீங்கதானே!" என்று கத்திவிட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்கும் கொஞ்ச நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு உடுப்பைப் பார்க்கச் சொன்னேன்.

"சரிகைச் சேல கட்டிக்கிட்டு யாரு டீச்சர் மலைக்குப் போவாங்க?"

"இடுப்புல படங்குத் துணி சுத்தலயே. நனைஞ்சிடுவாங்களே."

"வெறுங்காலுல கொலுசு வேற. அட்டை கடிக்காதா?"

தனுஷிகாவின் அம்மா கொழுந்து எடுக்கிறவர். அவள் கடைசியாக எழுந்து, "டீச்சர், படத்துல இவங்க யாரப் பாத்து சிரிக்கிறாங்க?" என்று கேட்டாள்.

"ஹோட்டலுக்கு வர்றவங்களப் பாத்து" என்றேன்.

"அப்ப அவங்களுக்காகத்தான் வரைஞ்சிருக்காங்க."

ஒரு மாதமாக நான் அவர்கள் வாயிலிருந்து வரவழைக்கப் பார்த்த பதில் அதுதான். பிள்ளைகள் கை தட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை.

என் அம்மா படங்கு கட்டி மலையேறித்தான் என்னை டீச்சராக்கினார். அவர் இறந்த பிறகு அவரை வரையத் தொடங்கி, பாதியில் நிறுத்தினீர்கள். "அத்தைய இந்த உடுப்புல வரைஞ்சா யாரு வாங்குவா?" என்றீர்கள். நமக்குள் பேச்சு குறைந்தது அன்றிலிருந்துதான். இன்றைக்கு என்னையே அந்தச் சேலையில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

அடுத்த மாதம் ஏழாந் தேதி பள்ளிக்கூடத்தில் சித்திரக் கண்காட்சி. வாருங்கள். ஏன் இப்படி வரைந்தீர்கள் என்று பிள்ளைகளிடம் நீங்களே சொல்லுங்கள். அவர்கள் கோபிக்க மாட்டார்கள். அன்றிரவு இங்கேயே தங்கலாம். நானும் கோபிக்க மாட்டேன்.

ஜீவராணி


கொழும்பு,
02.07.2024

ஜீவராணிக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். பிள்ளைகள் சொன்னது அத்தனையும் சரி. அவர்கள் முன்னால் நின்று என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஹோட்டலில் இன்னும் பன்னிரண்டு படம் கேட்டார்கள், அதே சேலையில். ஒப்புக்கொண்டுவிட்டேன். கண்காட்சிக்கு வர மாட்டேன்.

இனி நான் வரைகிற எதிலும் உன் முகம் இருக்காது. அது ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கோகுலராஜ்