முதல் மிதவை

மதினி,

முதலில் மன்னித்துவிடுங்கள். உங்களுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். எனக்கோ நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. இது இரண்டும் தெரிந்திருந்தும், நீங்கள் போய் ஆறு மாதம் கழித்து, உங்களுக்கு மடல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் பக்கத்தில் இருந்தவரை காதில் சொன்னால் போதுமாக இருந்தது. இப்போது வேறு வழி தெரியவில்லை.

நேற்று ராமநாதபுரத்தில் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பாலத்தின் மேல் ஏறியதும் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று ஜன்னல் வழியாக அடித்தது. அடையாள அட்டையை வைக்கப் பையின் பக்க உறையில் கைவிட்டேன். விரலில் ஏதோ பிசுபிசுத்தது. பனங்கற்கண்டு. போன வருடம் திடலிலிருந்து வரும் வழியில் நீங்கள் கொடுத்தது. துணி நூலோடு ஒட்டி, ஓரம் கரைந்து, பாதியாகிக் கிடந்தது. முகர்ந்து பார்த்தேன். உங்கள் சேலை முந்தியின் வாசம்: கொஞ்சம் கருவாடு, கொஞ்சம் தைலம். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்ளும் என்று முந்தியில் கற்கண்டு முடிந்து வருவீர்கள். எனக்கு முதன்முதலில் அதில் ஒரு துண்டு கிடைத்தது நான் பிளஸ் டூ முடித்த வருடம்.

அது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் நங்கூரம் போட்டு நிற்க, இரண்டு மாதம் ஆண்கள் கரையில் இருப்பார்கள். அந்த இரண்டு மாதம்தான் நம் ஊருக்குக் கால்பந்துக்காலம். வடகடல், தென்கடல், கோயில்வாசல், பாலத்தடி என்று நாலு அணி. நாம் வடகடல். ஊருக்கே மதினியான நீங்கள் மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, கோட்டுக்கு வெளியே ராணி மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் நிழலில் வெயில் படாது என்று நான் பின்னால் ஒதுங்கி நின்றேன். கோல் காக்கும் தென்கடல் கோலி வலது காலைச் சரியாக ஊன்றவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொள்வதுபோல் அதை முணுமுணுத்தேன். உங்களுக்கு எப்படிக் கேட்டதோ.

"ஏலே! கோலிக்கு வலது காலு நொண்டுதுலே! அந்தப் பக்கமே அடிங்கலே!"

அடித்தார்கள். கோல். ஊரே உங்களைப் பார்த்தது. நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். முந்தியை அவிழ்த்துக் கற்கண்டை உடைத்து ஒரு துண்டை நீட்டினீர்கள்.

"இந்தா, சப்பு."

"எனக்கு எதுக்கு மதினி?"

"நீயுந்தான பிள்ள கத்துன."

அன்றிலிருந்து நாம் இரண்டு பேரும் ஒரே ஆள். கண் என்னுடையது, தொண்டை உங்களுடையது. நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதிவைப்பேன். யார் இரண்டாம் பாதியில் மூச்சு வாங்குகிறான், யார் இடது காலில் பந்து வந்தால் திணறுகிறான், யார் அண்ணன் தம்பிச் சண்டையில் பாஸ் கொடுக்க மறுக்கிறான். திடலில் அதை உங்கள் காதில் சொல்வேன். நீங்கள் அதற்கு உப்பும் காரமும் போட்டு ஊருக்குச் சொல்வீர்கள். படகு இன்ஜின் பார்க்கும் உங்கள் கொழுந்தன்தான் நம் கோச். அவருக்குத் தலைவலியே நீங்கள்தான்.

"மதினி, நீங்க கோச்சா, நான் கோச்சா?"

"நீதாம்ப்பா கோச்சு. அதான் தோத்துக்கிட்டு இருக்கோம்."

அப்படிச் சொன்னாலும் ஐந்து நிமிடம் கழித்து நீங்கள் சொன்ன ஆளைத்தான் மாற்றுவார். உங்களுக்குப் பந்தில் ஒரு கண் உண்டு என்று எதிர் அணிக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். தென்கடல் சூசை அண்ணன் மட்டும், "வாய்தான் உண்டு" என்பார். அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

நான் கல்லூரியில் சேர்ந்தபோது நம் தெருவே எனக்குப் பேனா வாங்கிக் கொடுத்தது. அந்தத் தெருவில் அதுவரை யாரும் டிகிரி படித்ததில்லை. நீங்கள் மட்டும் ஒரு நோட்டு வாங்கி வந்தீர்கள். "இது படிப்புக்கு இல்ல. பந்துக்கு" என்றீர்கள்.

மதினி, போன வருடத்தைப் பற்றி எழுதாமல் இந்த மடல் நகராது.

தடைக்காலத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் வலைக் கொட்டகையில் மிதவை எடுப்பு. விளையாட விரும்புகிற ஒவ்வொருவனும் பழைய வலை மிதவை ஒன்றில் தன் பெயரை எழுதி ஐஸ் பெட்டிக்குள் போட வேண்டும். முந்தின வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் மிதவை. எடுத்த மிதவையை அணியின் கயிற்றில் கோத்துவிட்டால், அந்த வருடம் அவன் அந்த அணிக்குத்தான். கோத்ததை அவிழ்க்கிற பேச்சே கிடையாது. நாம்தான் கடைசியாக வந்திருந்தோம். அதனால் முதல் மிதவை நமக்கு.

எல்லோரும் சேவியரைத்தான் நினைத்திருந்தார்கள். நடுவில் நின்று ஆட்டத்தையே கையில் வைத்திருப்பவன். கோச்சின் கை ஐஸ் பெட்டிக்குள் போய்விட்டது. அப்போது உங்கள் முழங்கையைப் பிடித்து நான் சொன்னேன்: "ரீகன்."

கிறிஸ்துமஸ் விடுமுறை முழுவதும் ரீகன் தனியாகத் திடலில் பந்தடிப்பதைப் பார்த்திருந்தேன். பாதித் திடலிலிருந்து அடிப்பான். பந்து ஒரு வளைவு வளைந்து கோலின் மூலையில் போய் இறங்கும். பத்துக்கு ஏழு. நோட்டில் கோடு போட்டு எண்ணி வைத்திருந்தேன்.

நீங்கள் ஒரு முறைகூட "நெசமாவா?" என்று கேட்கவில்லை. எழுந்து நின்றீர்கள்.

"ரீகன எடு! சேவியரு இந்த வருசத்து ஆளு. ரீகன் பத்து வருசத்து ஆளு!"

கோச் உங்களைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், ரீகனின் மிதவையை எடுத்துக் கோத்தார். அடுத்த நொடியில் தென்கடல் சேவியரைத் தூக்கிக்கொண்டது. சூசை அண்ணன் சிரித்த சிரிப்பு கொட்டகைக்கு வெளியே கேட்டிருக்கும்.

முதல் ஆட்டத்தின் பத்தாவது நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. காற்று. டிசம்பரில் அடிப்பது வாடை. கடல் பக்கக் கோலுக்கு அடித்தால் பந்து தண்ணீரில் விழும், நீந்தி எடுக்க வேண்டும். அதனால் தனியாகப் பழகுகிறவன் ஊர்ப்பக்கக் கோலுக்குத்தான் அடிப்பான். விடுமுறை முழுக்க ரீகனின் முதுகுக்குப் பின்னால் வாடை நின்று பந்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. மே மாதமோ கச்சான் காலம். காற்று அப்படியே எதிர்ப்புறம். ஊர்ப்பக்கம் அடித்தால் பந்து செத்துப்போய்க் கோலியின் மடியில் விழுந்தது. கடல் பக்கம் அடித்தால் கோலுக்கு மேலே பறந்து கடலுக்குப் போனது. கடலுக்குப் போகிற மனிதரின் மகள், பத்துக்கு ஏழு என்று எண்ணத் தெரிந்தவள் நான், காற்றை எண்ணவில்லை.

சூசை அண்ணன் விடுவாரா? "மதினி! ரீகன் அடிச்ச பந்து எல்லையத் தாண்டிருச்சாம். அந்தக் கரை நேவிக்காரன் புடிச்சு வச்சிருக்கானாம். மனு எழுதிக் குடுத்தீங்களா?"

"பந்து போனாப் போவுது. ஒங்க வாயப் புடிச்சுட்டுப் போனாம்னா நான் மாலையே போடுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் நாம் ஆடிய ஆறு ஆட்டத்திலும் தோற்றோம். தென்கடல் கோப்பையை எடுத்தது, சேவியர் ஒருவனாலேயே. கடைசி ஆட்டம் முடிந்ததும் கோச் ஊர் முன்னாலேயே உங்களிடம் சொல்லிவிட்டார்: "அடுத்த வருசம் மிதவை எடுப்புல நீங்க வாயத் தொறக்கக் கூடாது மதினி. காத்து தெரியாதவங்க பேச்சக் கேட்டது என் தப்பு."

காத்து தெரியாதவங்க. உங்கள் அப்பாவும் புருஷனும் மகனும் கடலுக்குப் போகிறவர்கள். உங்களைப் பார்த்து அந்த வார்த்தை.

நான் கூட்டத்தைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தேன். உங்கள் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. வீட்டுக்குப் போகும் வழியில் நான் அழுததும், "எதுக்கு இப்ப கண்ணக் கசக்குற?" என்றீர்கள்.

"நாந்தான் மதினி சொன்னேன். நான் போயி கோச்சுகிட்ட சொல்லிர்றேன்."

"யார்ட்டயும் மூச்சு விடக் கூடாது. நீ இப்பத்தான் வேலைக்குப் போவப் போற பிள்ள. ஒன் பேரு புதுசு, அது அழுக்காகக் கூடாது. என் பேரு கருவாடு மாரி. இதுக்கு மேல என்ன நாறப் போவுது? சத்தியம் பண்ணு."

பண்ணினேன். சிரித்துக்கொண்டே கற்கண்டை உடைத்துத் தந்தீர்கள். இனிப்பு தொண்டையில் இறங்காது என்று பையின் பக்க உறையில் போட்டேன். அதுதான் நேற்று என் விரலில் ஒட்டியது.

டிசம்பரில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டீர்கள். அடக்கத்துக்கு நாலு அணியும் வந்திருந்தது. சூசை அண்ணன்தான் எல்லோருக்கும் முன்னால் நின்று அழுதார். அன்றைக்கு வாடை அடித்தது. ரீகன் பந்தைத் தொடவில்லை.

இந்த வருடம் மிதவை எடுப்பு வந்தது. கடைசியாக வந்தவர்கள் என்பதால் மறுபடியும் முதல் மிதவை நமக்குத்தான். கொட்டகையில் உங்கள் கூடையை யாரோ கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதில் யாரும் உட்காரவில்லை. நான் வழக்கம்போல் அதன் பின்னால் நின்றேன். கோச் ஐஸ் பெட்டியின் மேல் குனிந்து யோசித்தார். பேசக் கூடாது என்று சொன்ன மனிதர், தன்னையும் மீறித் தலையைத் திருப்பி அந்தக் கூடையைப் பார்த்தார்.

என்னிடம் ஒரு கருத்து இருந்தது. அதைச் சொல்ல ஒரு காது இல்லை.

"ரீகன்" என்றேன்.

"யாரு? சத்தமாச் சொல்லு பிள்ள."

"ரீகன எடுங்கண்ணே. ஆனா முன்னாடி நிப்பாட்டாதீங்க. பின்னாடி போடுங்க. ஒரு வருசமா அவன் பந்தத் தூக்கி அடிக்கிறதே இல்ல. தரையோட தள்ளுறான். தரையில போற பந்துக்குக் காத்து கெடையாது."

கொட்டகையில் சிரிப்பு. "மதினி ஆவி வந்து பேசுதுடோய்!" என்று பாலத்தடிக்காரர் ஒருவர் கத்தினார். கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கோச் சிரிக்கவில்லை. ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு ரீகனின் மிதவையை எடுத்துக் கோத்தார்.

நாம் கோப்பை வாங்கவில்லை மதினி. பொய் சொல்லமாட்டேன். மூன்றாவதாக வந்தோம். முன்வரிசை இன்னும் சொதப்பல்தான். கோச் ஆள் மாற்றுவதில் இன்னும் ஐந்து நிமிடம் தாமதம்தான். நீங்கள் இருந்தால் அதைத் திருத்தியிருப்பீர்கள். ஆனால் தென்கடலை ஒரு முறை ஜெயித்தோம். கச்சான் கண்ணில் மண்ணைத் தூவிய ஆட்டத்தில், ரீகன் பின்னாலிருந்து தரையோடு தரையாக ஒரு பந்தைத் தள்ளினான். தென்கடல் கோலியின் கால்களுக்கு நடுவே கோலுக்குள் போனது அது. நான் கத்தினேன். நிஜமாகவே கத்தினேன். இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டது. அலுவலகத்தில் காய்ச்சலா என்று கேட்டார்கள். இல்லை, பந்து என்றேன். இந்த வருடம் முழுக்க மனம் நிறைந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒன்றைத் தவிர. அந்த ஆட்டம் முடிந்து எல்லோரும் மணலில் உட்கார்ந்திருந்தபோது சூசை அண்ணன் என் தலையில் தட்டிச் சொன்னார்: "பரவால்ல பிள்ள. மதினிக்குத் தெரியாத காத்து ஒனக்குத் தெரிஞ்சிருக்கே. படிச்ச பிள்ளைல்ல."

கோச்சும் தலையாட்டினார். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நான் மணலைக் கிளறிக்கொண்டு சும்மா இருந்தேன். சத்தியம் இருந்தது. அதைவிட, என் பழைய பயமும் இருந்தது. உங்கள் பெயரைத் தேய்த்து என் பெயருக்குப் பளபளப்பு ஏற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து அந்த வெற்றியை நினைத்தால் பாதி ருசிதான்.

வருகிற ஞாயிறு தடைக்காலத்தின் கடைசி ஞாயிறு. படகுகளுக்குப் பெயின்ட் அடித்து முடித்தாயிற்று. கோயில் முற்றத்தில் நாலு அணிக்கும் ஒரே பந்தி, கறிச்சோறு. சாப்பாட்டுக்கு முன் அணிக்கு ஒருவர் எழுந்து நாலு வார்த்தை சொல்ல வேண்டும். வடகடலுக்கு நான் சொல்ல வேண்டுமாம். கோச் நேற்று வாசலில் வந்து நின்று சொல்லிவிட்டுப் போனார். "மாட்டேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். "சரி" என்று வந்துவிட்டது.

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். போன வருடம் ரீகனைச் சொன்னது மதினி இல்லை, நான். காற்றை மறந்தது மதினி இல்லை, நான். ஐந்து வருடம் அவர்கள் கத்திய நல்லதெல்லாம் எங்கள் இரண்டு பேருடையது. அந்த ஒரு தப்பு மட்டும் என்னுடையது. இவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் நாலு வரிகூட வரவில்லை.

அதனால்தான் இந்த மடல், மதினி. கடைசியில் கேட்கலாம் என்று வைத்திருந்தேன். அந்தச் சத்தியத்திலிருந்து என்னை விட்டுவிடுங்கள். என் பெயர் இப்போது அவ்வளவு புதிதில்லை, கொஞ்சம் அழுக்கைத் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பாதிக் கற்கண்டை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்பேன். அந்த ஒரு தடவை மட்டும் நாம் இடம் மாறிக்கொள்வோம். நீங்கள் என் பின்னால் நின்று, "சொல்லு பிள்ள" என்று காதில் சொல்லுங்கள். நான் கத்துகிறேன்.